காந்தத்தின் சந்நிதியில்

இறைவன் உயிர்களை இயக்குகிறான் என்று கொள்ளும் எந்தச் சமயமும், அந்த இயக்கத்தால் இறைவனிடம் ஏதேனும் மாற்றம் நேர்கிறதா என்ற வினாவுக்கு விடை சொல்லியாக வேண்டும். செயல் புரிபவன் எவனும் அச்செயலால் சிறிதேனும் மாறுகிறான் என்பது உலகியல். மாறுவது எதுவோ அது ஒருநாள் அழியவும் கூடும் என்பது தருக்கம். ஆகவே இறைவன் செயல் புரிகிறான் என்றால் அவனுக்கு விகாரம் (தன் இயல்பினின்று திரிதல்) உண்டாகும். செயல் புரிவதில்லை என்றால் அருள் என்ற சொல்லுக்கே பொருள் இல்லாமற் போகும். இந்த இரண்டு இடர்களுக்கும் நடுவே வழி காண முயன்ற மெய்கண்டார், 13ஆம் நூற்றாண்டில் தாம் அருளிய சிவஞான போதத்தின் பன்னிரண்டு சூத்திரங்களுள் ஐந்தாவதில் காந்தத்தையும் இரும்பையும் உவமையாக எடுத்தார். ஐம்பொறிகள் உயிரின் துணையால் பொருள்களை அறிந்தும், அவ்வாறு அறியச் செய்யும் உயிரை அறியாதிருப்பது போல, உயிர்களும் இறைவன் அருளால் அனைத்தையும் அறிந்தும் அவ்வருளை அறியாதிருக்கின்றன என்பதும், காந்தத்தின் முன்னிலையில் இரும்பு தொழிற்படுவது போல அருளின் முன்னிலையில் அவை தொழிற்படுகின்றன என்பதும் அச்சூத்திரத்துக்குப் பொதுவாகச் சொல்லப்படும் பொருள்.

பெண்ணையாற்றங்கரைத் திருவெண்ணெய்நல்லூரில் பிறந்த நூல்தான் அது. ஆயினும் அதை எடுத்து வைத்துக்கொண்டு நூற்றாண்டுக் கணக்கில் வாதிட்ட இடம் காவிரிப் படுகை. சைவ சித்தாந்தத்தின் அடிப்படை நூல்களாகிய மெய்கண்ட சாத்திரங்கள் எனப்படும் பதினான்கனுள் காலத்தால் முற்பட்ட திருவுந்தியாரும் திருக்களிற்றுப்படியாரும் திருவியலூர், திருக்கடவூர் ஆகிய சோழநாட்டு ஊர்களைச் சேர்ந்த உய்யவந்த தேவர் இருவரால் செய்யப்பட்டவை. சிவஞான போதத்துக்குத் திராவிட மாபாடியம் என்று பெயர் பெற்ற பேருரையை எழுதிய சிவஞான முனிவர், பொதிகையடியில் உள்ள விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்து, திருவாவடுதுறை ஆதீனத்தில் தம்பிரானாக வாழ்ந்து, 1785இல் அங்கேயே மறைந்தவர். காவிரியின் தென்கரையில் உள்ள திருவாவடுதுறை அண்மைக்காலம் வரை தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்து, பின்னர் நாகப்பட்டினத்துக்கும் 2020இல் மயிலாடுதுறைக்கும் மாறியது. மாவட்டத்தின் பெயர் எத்தனை முறை மாறினாலும் நெல் வயல்களுக்கு நடுவே இருந்த அந்த மடத்தின் வாதப் பழக்கம் மாறவில்லை. அன்னம்பட்டரின் தருக்க சங்கிரகத்தை வடமொழியிலிருந்து தமிழாக்கியவரும் சிவஞான முனிவரே என்பதை இங்கே நினைவிற்கொள்வது நல்லது. உவமையை அணியாக மட்டும் பார்க்காமல் அளவையின் உறுப்பாக எடை போடத் தெரிந்தவர்கள் கூடியிருந்த இடம் அது.

காந்த உவமை மெய்கண்டாருக்கு முன்பே நெடுந்தொலைவு நடந்து வந்தது. கணாதரின் வைசேடிக சூத்திரம் காந்தக் கல்லை நோக்கி ஊசி நகர்வதைக் குறிப்பிட்டு, அதற்குக் காரணம் அதிருட்டம், அதாவது புலனுக்குத் தெரியாத ஒரு காரணம், என்று சொல்லி நிறுத்திக்கொண்டது. தொட்டுத் தள்ளாமல் ஒரு பொருள் இன்னொன்றை எப்படி நகர்த்தும் என்பதற்கு விடை தெரியாதபோது தெரியாது என்று ஒரு பெயரிட்டு வைத்த அந்த நேர்மை குறைத்து மதிக்கத்தக்கதன்று. சாங்கியர்களோ இந்த நிகழ்வைத் தங்கள் கோட்பாட்டின் தூணாகவே நிறுத்தினர். புருடன் (உயிர் அல்லது அறிவுத் தத்துவம்) ஒன்றும் செய்வதில்லை. பிரகிருதி (சடமாகிய மூலப்பொருள்) தானே அறிவதில்லை. ஆனால் புருடன் அருகில் இருப்பதாலேயே பிரகிருதி இயங்கத் தொடங்குகிறது, காந்தம் அருகிருக்க இரும்பு அசைவது போல, என்பது அவர்கள் வாதம்.

பிரம்ம சூத்திரம் இந்த உவமையைப் பெயர் சொல்லியே எடுத்து மறுக்கிறது. அதற்கு உரை கண்ட சங்கரர் எழுப்பிய தடை மிகக் கூர்மையானது. காந்தம் இரும்புக்கு எப்போதும் அருகில் இருப்பதில்லை. யாரோ ஒருவர் அதைக் கொண்டுவந்து உரிய இடத்தில் வைக்க வேண்டும், துடைத்துத் தூய்மை செய்யவும் வேண்டும். எனவே அங்கே சந்நிதி, அதாவது அருகிருத்தல், என்பதே ஒரு செயலின் விளைவு. புருடனோ எங்கும் என்றும் இருப்பவன். அவன் சந்நிதிக்கு ஒரு தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. அந்தச் சந்நிதியே இயக்கத்துக்குப் போதுமானால் பிரகிருதி ஓயாமல் இயங்கிக்கொண்டே இருக்க வேண்டும், வீடுபேறு என்பதே கிட்டாது. சாங்கியரை நோக்கி எய்யப்பட்ட இந்த அம்பு, அதே உவமையைக் கையில் எடுத்த சைவ சித்தாந்தியையும் தைக்கவே செய்யும். சிவனும் எங்கும் நிறைந்தவன்தான். அவன் அருள் என்றும் உள்ளதுதான். அப்படியானால் எல்லா உயிரும் ஒரே கணத்தில் ஏன் அவனை அடைந்துவிடவில்லை?

சித்தாந்தம் இதற்குத் தரும் விடை, பார்வையைக் காந்தத்தின் பக்கமிருந்து இரும்பின் பக்கம் திருப்புவது. உயிர் தொடக்கமற்ற காலம் முதல் ஆணவம் என்னும் மலத்தால், அதாவது அறிவை மறைக்கும் அழுக்கால், மூடப்பட்டிருக்கிறது. அந்த மலம் பக்குவப்படும் அளவுக்கு ஏற்ப அருள் அதில் பதிகிறது. மலம் தன் மறைக்கும் ஆற்றல் மெலியும் நிலைக்கு வருவதை மலபரிபாகம் என்றும், அப்போது அருள் உயிரில் பதிவதைச் சத்திநிபாதம் என்றும் சொல்வர். இதற்கு அடிப்படையாக உயிருக்கு ஓர் இயல்பு வகுக்கப்பட்டது: அது எதைச் சார்கிறதோ அதன் வண்ணம் ஆவது. இறைவனைப் போல என்றும் மாறாத சத்தாகவும் இன்றி, உலகத்தைப் போல நிலையற்ற அசத்தாகவும் இன்றி, இரண்டுக்கும் இடைப்பட்டுச் சார்ந்தவற்றால் நிறம் பெறுவதால் உயிரைச் சதசத்து என்று அழைத்தனர்.

இந்த இடத்தில் வேறொரு பக்கத்திலிருந்தும் நெருக்கடி வந்தது. 1313இல் உமாபதி சிவம் இயற்றிய சங்கற்ப நிராகரணம் சைவத்துக்கு மிக அருகில் நின்ற சில கொள்கைகளையும் மறுத்தது. அவற்றுள் ஒன்று ஈசுவர அவிகாரவாதம். இறைவனுக்கு விகாரம் இல்லை என்பதைக் காப்பாற்றும் ஆர்வத்தில், அவன் எதையும் செய்யாமல் சும்மா இருக்கிறான், பக்குவம் வந்த உயிர்கள் தாமே அவனிடம் சென்று சேர்கின்றன, வெயிலில் வந்தவர்கள் மரநிழலைத் தேடி ஒதுங்குவது போல, என்றது அந்த வாதம். நிழல் யாரையும் அழைப்பதில்லை. உயிருக்குத் தானே சென்று சேரும் அறிவு இருக்குமானால் அதற்கு இறைவன் எதற்கு என்பது சித்தாந்தியின் எதிர்வினா. நிழலுக்கும் காந்தத்துக்கும் உள்ள வேறுபாடுதான் இங்கே முழு வழக்கும்: இரண்டும் அசைவதில்லை, ஆனால் காந்தம் ஈர்க்கிறது. மெய்கண்டார் நிழலை விட்டுக் காந்தத்தை ஏன் கொண்டார் என்பது இதிலிருந்து விளங்கும். ஆயினும் அவிகாரத்தை விளக்க வந்த உவமையாகவே பிற்காலத்தில் இது பெரிதும் கையாளப்பட்டது. அதன் உண்மையான வலிமை காந்தத்தின் அசையாமையில் இல்லை, அதற்கு விடையிறுக்கும் பொருளின் அமைப்பில் இருக்கிறது என்று கொள்வதற்குக் காந்தப் பொருள்களைப் பற்றிய பிற்கால ஆய்வு இடம் தருகிறது. அதுவும் திண்மமான இரும்புத் துண்டைவிடத் திரவங்கள் இதற்கு நல்ல சான்று.

கோடையில் காவிரியோ கொள்ளிடமோ வற்றிக் கிடக்கும்போது மணற்பரப்பின் மேல் கறுத்த கோடுகள் தெரியும். உடைந்த ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்த வளையத்தைச் சிறுவர்கள் கயிற்றில் கட்டி அந்த மணலில் இழுத்துச் சென்றால் வளையத்தைச் சுற்றிக் கருமணல் மயிர் முளைத்தது போல அப்பிக்கொள்ளும். வெள்ளை மணல் அப்படியே கிடக்கும். அந்தக் கரிய துகள்களில் பெரும்பகுதி மேக்னடைட், இரும்பும் ஆக்சிசனும் சேர்ந்த ஒரு கனிமம். பழையவர்கள் காந்தக்கல் என்று வழங்கியதும் இதுவே. சேலத்துக் கஞ்சமலை போன்ற மேட்டுநிலப் பாறைகளில் இக்கனிமம் நிறைந்திருக்க, ஆறு அத்தகைய பாறைகளை அரித்துக் கொண்டுவந்து படுகையில் இறைத்து வைத்திருக்கிறது. காந்தம் இரண்டு மணலுக்கும் ஒரே சந்நிதியைத்தான் தந்தது. ஒன்று வந்தது, மற்றொன்று வரவில்லை. ஈர்க்கப்படும் தகுதி ஈர்க்கப்படும் பொருளுக்குள் முன்பே இருந்தாக வேண்டும் என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டியதில்லை.

அந்தத் தகுதி என்ன என்பதை இயற்பியல் இருமுனையம் என்ற கருத்தால் விளக்குகிறது. ஒரு பொருளின் ஒரு முனையில் நேர் மின்னேற்றமும் மறுமுனையில் எதிர் மின்னேற்றமும் சற்று விலகி நின்றால் அது மின் இருமுனையம். வடமுனையும் தென்முனையும் கொண்ட நுண்காந்தம் காந்த இருமுனையம். வாய்க்காலில் ஓடும் தண்ணீரின் ஒவ்வொரு மூலக்கூறும் மின் இருமுனையமே. ஆக்சிசன் அணு எதிர் மின்னேற்றத்தைத் தன் பக்கம் சற்று இழுத்துக்கொள்ள, இரு ஐதரசன் அணுக்களும் கோணமாக ஒரு பக்கம் நிற்பதால் இப்படி ஆகிறது. புறத்தே ஒரு மின்புலம் வந்தால் மூலக்கூறுகள் அதன் திசையில் திரும்ப முனைகின்றன. ஆனால் வெப்பம் அவற்றை ஓயாமல் குலைத்துக்கொண்டே இருக்கிறது. இந்த இழுபறியைக் காந்தப் பொருள்களுக்குப் பால் லாஞ்சவின் 1905இலும், மின் இருமுனையங்களுக்குப் பீட்டர் டிபை 1912இலும் கணக்காக்கினர். ஒரு மீட்டருக்குப் பத்து லட்சம் வோல்ட் அளவுள்ள வலிய மின்புலத்தில்கூட, மூலக்கூறுகளைத் தனித்தனியாக வைத்துக் கணக்கிட்டால், அறை வெப்பநிலையில் அவை புலத்தின் பக்கம் சாய்வது சராசரியாக முழுமையின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு அளவே. திரும்பியிருக்கின்றன என்று சொல்வதைவிடத் திரும்பும் விருப்பத்தோடு அலைகின்றன என்று சொல்வதே பொருந்தும். ஆனால் ஒரு கன சென்டிமீட்டர் நீரில் மூன்றுக்குப் பின் இருபத்திரண்டு சுழிகள் இட்ட எண்ணிக்கையில் மூலக்கூறுகள் இருப்பதால், அந்தச் சிறு சாய்வும் கூடிக் கூடி, தண்ணீர் தனக்குள் மின்புலத்தை ஏறத்தாழ எண்பதில் ஒரு பங்காகக் குறைத்துவிடுகிறது.

காந்தப் புலத்துக்கு இதே வகையில் விடையிறுக்கும் திரவம் இயற்கையில் எளிதாகக் கிடைப்பதில்லை. இரும்பை உருக்கினால் திரவம் ஆவதற்கு மிக முன்பே அதன் காந்தத்தன்மை போய்விடும். எடையற்ற விண்வெளியில் ராக்கெட் எரிபொருளைக் காந்தத்தால் இழுத்து எந்திரத்துக்குள் செலுத்த முடியுமா என்று தேடிய நாசா பொறியாளர் ஸ்டீவ் பேப்பல் 1960களின் தொடக்கத்தில் அத்தகைய திரவத்தைச் செய்துகாட்டினார். ஆற்று மணலில் கிடக்கும் அதே மேக்னடைட்டைப் பத்து நானோமீட்டர் அளவுக்கு, அதாவது ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்காக, நொறுக்கி, ஒவ்வொரு துகளின் மேலும் ஓலியிக் அமிலம் போன்ற ஒரு பொருளைப் பூசி, மண்ணெண்ணெய் போன்ற எண்ணெயில் மிதக்க விட்டால் கிடைப்பது ஃபெரோஃப்ளூயிட் எனப்படும் காந்தத் திரவம். பூச்சு இல்லாவிட்டால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி அடியில் படிந்துவிடும்; துகள் பெரிதாயிருந்தாலும் படியும்; இந்த அளவில் மட்டும் வெப்பத்தின் அலைப்பு அவற்றை எடைக்கு எதிராக மிதக்க வைக்கிறது. தமிழகத்தில் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் இத்திரவங்களைப் பற்றிய ஆய்வு நெடுநாளாக நடந்துவருகிறது.

இத்திரவத்தில் ஒவ்வொரு துகளும் முழுக் காந்தம். ஆயினும் புறப்புலம் இல்லாதபோது திரவம் காந்தமன்று. எத்தனையோ கோடித் துகள்கள் எத்தனையோ கோடித் திசைகளில் நோக்கி நிற்க, கூட்டுத்தொகை சுழியாகிவிடுகிறது. பத்தில் ஒரு டெஸ்லா வலிமையுள்ள சாதாரணக் காந்தம் ஒன்றை அருகில் கொண்டுவந்தால், பத்து நானோமீட்டர் துகளுக்கு லாஞ்சவின் கணக்குப்படி ஐந்தில் நான்கு பங்கு ஒழுங்கு உண்டாகிவிடும். காந்தத்தை அகற்றினால், நொடியில் மிகச் சிறிய பகுதிக்குள், பழைய குலைவு திரும்பிவிடும். இதே கணக்கைப் பூமியின் காந்தப் புலத்துக்குப் போட்டால் வேறு காட்சி. தஞ்சைப் பகுதியில் அப்புலத்தின் அளவு ஒரு டெஸ்லாவில் லட்சத்தில் நான்கு பங்கு; காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிச் செல்வதால் இங்கே அது நிலத்தோடு ஏறத்தாழப் படுக்கையாகவே செல்கிறது. நாற்றங்கால், வரப்பு, கோயில் குளம் எல்லாவற்றின் ஊடாகவும் இரவும் பகலும் இடைவிடாது நிற்கும் இந்தப் புலத்துக்கு அத்துகள்கள் தரும் விடை ஆயிரத்தில் ஒரு பங்கையும் எட்டாது. புலம் இல்லாததால் அன்று. அலைப்பு மிகுதியாக இருப்பதால்.

சங்கரரின் தடைக்கு இங்கே ஒரு பதில் உருவாகிறது. சந்நிதி என்றும் மாறாமல் இருந்தாலும் விடையிறுப்பு மாறலாம். ஏனெனில் விடையிறுப்பை முடிவு செய்வது புலத்தின் வலிமை மட்டுமன்று, அதற்கும் பொருளின் உள்ளலைப்புக்கும் இடையிலுள்ள விகிதம். பியர் கியூரி 1895இல் கண்ட விதிப்படி, புலத்தைத் தொடாமலே வெப்பநிலையை மட்டும் குறைத்தால் பொருளின் காந்த ஏற்புத்திறன், அதாவது புலத்துக்கு இணங்கும் தன்மை, அதே விகிதத்தில் உயர்கிறது. இறைவன் வந்ததுமில்லை, போனதுமில்லை, மலம் தணிந்தது என்ற சித்தாந்தக் கூற்றுக்கு இதைவிட நெருங்கிய பௌதிக இணை கிடைப்பது அரிது. யாரோ காந்தத்தைக் கொண்டுவந்து வைக்க வேண்டும் என்ற சங்கரரின் நிபந்தனை, காந்தத் துண்டுக்குப் பொருந்துகிற அளவுக்குப் புலத்துக்குப் பொருந்தவில்லை.

இதைக்கொண்டு மெய்கண்டாருக்குக் கியூரி விதி தெரிந்திருந்தது என்று எழுதக் கிளம்புவோர் இருப்பார்கள். அறிவியல் எதைக் கண்டாலும் அது நம் ஏட்டில் முன்பே உண்டு என்னும் அந்தப் பழக்கம் ஏட்டுக்கும் பெருமை சேர்ப்பதில்லை. மெய்கண்டார் கண்டது இரும்புத் துண்டின் அசைவை. அதற்கு மேல் அவர் கண்டதாகச் சொல்ல ஆதாரமில்லை. உவமை எல்லாப் பக்கத்திலும் ஒத்திருக்க வேண்டியதில்லை, ஒருபுடை ஒத்தால் போதும் என்பது தமிழ் உரையாசிரியர் மரபு. அந்த அளவுக்குள் நின்றே இங்கும் பேசலாம். வேறுபாடுகளும் எளியவை அல்ல. வெப்பம் துகளுக்குப் புறத்தேயிருந்து எண்ணெய் வழியாக வருவது. ஆணவமோ செம்பில் களிம்பு போல உயிரோடு உடன் இருப்பது. திரவத்தை ஒருவர் குளிர்விக்கலாம். மலத்தைப் பக்குவப்படுத்துவது எது என்று கேட்டால், திரோதான சத்தி என்னும் மறைப்பாற்றலாக நின்று இறைவனே அதைச் செய்கிறான் என்பது சித்தாந்தம். புலமே குளிர்விக்கவும் செய்கிறது என்பதற்கு ஒப்பான அந்தக் கூற்றுக்குத் திரவத்தில் இணை இல்லை.

உவமைக்குள் அடங்காத இன்னொரு செய்தி திரவத்தில் உண்டு. மெய்கண்டாரின் இரும்பு தனி இரும்பு. அதற்கும் காந்தத்துக்கும் இடையே வேறு யாரும் இல்லை. திரவத்திலோ எந்தத் துகளும் தனியாக இருப்பதில்லை. டிபை தம் கணக்கில் ஒவ்வொரு மூலக்கூறும் அண்டையதைப் பொருட்படுத்தாமல் புலத்துக்கு மட்டும் விடையிறுப்பதாகக் கொண்டார். ஆவிகளுக்கு ஓரளவு சரியாக வந்த அந்தக் கணக்கு தண்ணீருக்கு ஒத்துவரவில்லை. ஒரு மூலக்கூறு தன்னைச் சூழ்ந்த ஊடகத்தை மாற்றி, அந்த மாற்றம் தன் மேலேயே திரும்பி வருவதை 1936இல் லார்ஸ் ஆன்சாகரும், அடுத்தடுத்த மூலக்கூறுகள் ஒன்றையொன்று பார்த்துத் திசை ஒத்துக்கொள்வதை 1939இல் ஜான் கிர்க்வுட்டும் கணக்கில் சேர்த்த பிறகே தண்ணீரின் அந்த எண்பது விளங்கத் தொடங்கியது. காந்தத் திரவத்தில் இது கண்ணுக்கே தெரியும் அளவுக்குப் போகும். துகள்கள் சற்றுப் பெரியவையாக இருந்தால், புலம் வந்தவுடன் ஒன்றன் தலையில் மற்றொன்றின் வால் என்ற முறையில் ஒட்டிப் புலத்தின் திசையில் சங்கிலிகளாக நீள்கின்றன. 1970இல் டி ஜென்னும் பிங்கஸும் இதைக் கோட்பாடாக வகுத்தனர். அந்தச் சங்கிலி வழியே வெப்பம் மிக எளிதாகக் கடந்துபோகிறது என்பதைக் கல்பாக்கத்து ஆய்வாளர்கள் அளந்து காட்டினர். ஒரு துகளின் மேல் விழும் புலம், தொலைவில் உள்ள காந்தத்தின் புலம் மட்டுமன்று. தன்போலவே அக்காந்தத்தின் பக்கம் திரும்பிய அண்டைத் துகள்களின் புலமும் அதனுள் அடக்கம்.

சிவஞான போதத்தில் இதற்கு இடம் ஐந்தாம் சூத்திரத்தில் இல்லை, பன்னிரண்டாம் சூத்திரத்தில் இருக்கிறது. அருளைப் பெற்ற பின்னும், உடலோடு இருக்கும் வரை, பழைய மலத்தின் வாதனை, அதாவது பழக்கத்தால் ஏறிய வாசம், மீண்டும் தலையெடுக்கக் கூடும். ஆகவே அத்தகையவர் அன்பர்களோடு கூடி, அவர்கள் வேடத்தையும் ஆலயத்தையும் சிவனெனவே கண்டு வழிபட வேண்டும் என்று நூல் முடிகிறது. பதியையும் (இறைவன்) பசுவையும் (உயிர்) பாசத்தையும் (தளை) அவ்வளவு நுணுக்கமாக ஆராய்ந்த நூல், இறுதியில் ஊரார் கூடும் கோயிலுக்கும் அடியார் கூட்டத்துக்கும் வந்து நிற்பது படிப்பவர் சிலருக்குத் தத்துவம் முடிந்து ஆசாரம் தொடங்கிவிட்டதாகத் தோன்றும். அது சரியான வாசிப்பு ஆகாது. ஒழுங்கு நிலைக்க வேண்டுமானால் புலம் மட்டும் போதாது, அப்புலத்துக்கு இணங்கிய அண்டையாரும் வேண்டும் என்பது ஐந்தாம் சூத்திரத்தின் தொடர்ச்சியே. தனி இரும்பை உவமையாகக் கொண்டதால் அங்கே சொல்ல முடியாமற் போனது இங்கே சொல்லப்படுகிறது. திருவாவடுதுறை, தருமபுரம், திருப்பனந்தாள் என்று மடங்கள் படுகையெங்கும் நெருக்கமாக எழுந்ததற்கு நிலவருவாயும் அரசர் கொடையும் பெருங்காரணங்கள்தாம்; ஆயினும் தனித்துத் தவம் செய்வதைவிடக் கூடியிருந்து கேட்டல் சிந்தித்தலை முதன்மையாகக் கொண்ட ஒரு கொள்கை இல்லாமல் அந்த வருவாய் மட்டும் அவ்வாறான அமைப்பைத் தோற்றுவித்திருக்காது.

இனி எஞ்சுவது காந்தத்தின் பக்கம். ஒரு தட்டில் காந்தத் திரவத்தை ஊற்றி அடியிலிருந்து காந்தத்தை மெல்ல உயர்த்தினால், முதலில் ஒன்றும் நிகழாது. பரப்பு எண்ணெய்போல் பளபளத்துக் கிடக்கும். ஒரு குறிப்பிட்ட வலிமையைக் கடந்ததும் பரப்பு முழுவதும் ஒரே நேரத்தில் கூர்முனைகளாக எழுந்து, அறுகோண ஒழுங்கில் அணிவகுத்து நிற்கும். 1967இல் கௌலியும் ரோசன்ஸ்வைக்கும் இதன் காரணத்தை விளக்கினர். பரப்பில் தற்செயலாக ஒரு சிறு மேடு எழுந்தால், புலத்தின் கோடுகள் அந்த மேட்டின் வழியாகச் செல்லக் குவிகின்றன. குவிந்த புலம் மேட்டை மேலும் உயர்த்துகிறது. எடையும் பரப்பு இழுவிசையும் தடுக்கும் வரை அது வளர்கிறது. திரவம் புலத்துக்கு விடையிறுப்பதோடு நிற்காமல் புலத்தையே வளைக்கிறது என்பதே இதன் பொருள். அடியில் இருக்கும் காந்தமும் சும்மா இருப்பதில்லை. அது திரவத்தை இழுக்கும் அதே விசையால் திரவம் அதை இழுக்கிறது. நியூட்டனின் மூன்றாம் விதி காந்தத்துக்கு விலக்கு அளிக்கவில்லை. கையில் பிடித்திருப்பதாலும் கனமாக இருப்பதாலும் அது நகராதது போல் தோன்றுகிறது. அசையாது அசைவிக்கும் பொருள் என்று உலகெங்கும் எடுத்துக்காட்டப்பட்ட ஒன்று உண்மையில் அப்படி இல்லை. காந்தத்தில் உயிர் உண்டு என்று சொன்னதாகக் கூறப்படும் கிரேக்கத் தேலஸ் முதல் சாங்கியர் வரை, எவருக்கும் இதை ஐயுறக் காரணம் கிடைக்கவில்லை.

உவமையின் இந்தப் பக்கம் உடைந்துவிட்டதால் அவிகாரம் என்ற கோட்பாடு உடைந்துவிடாது. உவமை சான்றாகாது, விளக்கமே ஆகும். ஆனால் உடைந்த இடத்தில் தெரிவது கவனத்துக்குரியது, ஏனெனில் இதே படுகையில் வழங்கும் பக்தி மரபு இறைவனை அசையாத காந்தமாக மட்டும் பாடவில்லை. திருவாவடுதுறைக்குத் தெற்கே உள்ள திருவாரூரில், தேவாரம் பாடிய சுந்தரருக்கும் அவர் மனைவி பரவையாருக்கும் இடையே மூண்ட ஊடலைத் தீர்க்கச் சிவபெருமான் நள்ளிரவில் தேரோடும் தெருவில் தூது நடந்தார் என்கிறது சேக்கிழாரின் பெரியபுராணம். ஒருமுறை அன்று, இருமுறை. முதலில் கோயில் அருச்சகரின் வடிவில் போய், பரவையார் மறுத்துவிடத் திரும்பி வந்து, மீண்டும் தம் உருவிலேயே போனார். அன்பர் இழுக்க இழுபட்ட இறைவனைத்தான் அந்த ஊர் நினைவில் வைத்திருக்கிறது.

சித்தாந்த நூல்களிடம் இதற்கு விடை உண்டு. இறைவன் கொள்ளும் வடிவங்கள் மாயையால் ஆனவை அல்ல, அருளால் ஆனவை. அவன் நடந்தது தனக்காக அன்று, உயிருக்காக. தன் பொருட்டு மாறுவதே விகாரம், பிறர் பொருட்டு வேண்டிய வடிவை வேண்டியபோது கொள்வது விகாரமாகாது என்று மெய்கண்டாரின் மாணவராகிய அருணந்தி சிவாசாரியாரின் வழிவந்தோர் வாதிடுவர். தருக்கத்தில் இது நிற்கும் விடைதான். ஆனால் இதை ஏற்றுக்கொண்டால் அருள் என்பது சந்நிதி மட்டுமன்று, உயிரின் நிலைக்கு ஏற்ப வடிவு கொள்வதும் ஆகும் என்று ஒப்புக்கொண்டதாகிறது. அப்போது காந்த உவமையில் எஞ்சி நிற்பது காந்தத்தின் அசையாமை அன்று, இரண்டுக்கும் இடையே உள்ள இழுப்பு. ஈசுவர அவிகாரவாதியின் மரநிழலை உமாபதி சிவம் மறுத்தபோது காக்க முயன்றதும் அந்த இழுப்பையே. ஐந்தாம் சூத்திரத்தைத் திருவாரூர்த் தெருவோடு சேர்த்துப் படிப்பதா, அதைவிட்டு விலக்கிப் படிப்பதா என்பதில் மடத்து உரைகளுக்கும் கோயில் ஓதுவார்களுக்கும் இடையே இன்றும் ஒரு சாய்வு வேறுபாடு இருந்துகொண்டுதான் இருக்கிறது; மாபாடியத்தின் பக்கம் நின்று பேசுவோர்கூடப் பங்குனி உத்திர விழாவில் ஆரூர்த் தேரைக் காணப் போவதை நிறுத்திக்கொண்டதில்லை.